அடுப்படிக்கும் சொல்லுங்கள், டாக்டர்

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கு முடிவெடுத்ததும் என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து அலமாரியில் வைத்தேன். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பும், சாப்பிட்டு அரை மணி வரையும் தண்ணீர் கூடாது என்று உணவியல் நிபுணர் சொல்லியிருந்தார். "ஆபரேஷன் முடிஞ்சு பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க, இப்பவே பழகுங்க" என்றார். என் மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. "விக்கினா என்னம்மா பண்ணுவே?" என்று செம்பைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். சோறு போடுவதற்கு முன்னால் தண்ணீர் வைத்தே பழகிய கை அது.

அப்போது எனக்கு 43 வயது. 112 கிலோ எடை, 156 செ.மீ. உயரம், பிஎம்ஐ 46. இந்த அறுவைச் சிகிச்சைக்கு நம் நாட்டவருக்கு 37.5, சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 32.5 என்று மருத்துவர்கள் வெகுநாளாக வைத்திருந்த அளவையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டேன். சர்க்கரையும் மூட்டுவலியும் இருந்தன. கரும்பலகை முன்னால் ஒரு பீரியட் முழுக்க நிற்க முடியாது.

முதலில் போன மருத்துவமனையில், புதன்கிழமை அட்மிட் ஆனால் வியாழக்கிழமை ஆபரேஷன் என்றார்கள். அடுத்துப் பார்த்த மருத்துவர் மூன்று மாதம் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் தூக்கத்தில் என் மூச்சு நின்று நின்று வருகிறது என்பது அந்த மூன்று மாதத்தில்தான் தெரிந்தது. அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். ராத்திரியில் மூச்சுக்கு உதவும் சிபாப் கருவியின் முகமூடியோடு தூங்கப் பழகினேன். எண்டோஸ்கோப்பியில் ஹெச். பைலோரி கிருமி தெரிந்தது. அதற்கு இரண்டு வாரம் மாத்திரை. வைட்டமின் டி, பி12 இரண்டும் குறைவு.

கடைசி இரண்டு வாரம் கல்லீரலுக்காக. உடல் பருமன் உள்ள பலருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து பெருத்திருக்கும். அதன் இடது மடல் இரைப்பையின் மேல் கிடக்கிறது. லேப்ராஸ்கோப்பியில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இரைப்பையை எட்ட வேண்டும். மாவுச்சத்தைக் குறைத்து, மருத்துவர் மேற்பார்வையில் நாளைக்கு 800 முதல் 1,000 கலோரிக்குள் சாப்பிட்டால் இரண்டே வாரத்தில் அது சுருங்கி வழிவிடும். இதையெல்லாம் எனக்குப் படம் வரைந்து சொன்னார்கள். எங்கள் வீட்டில் சமைக்கிறவருக்கு யாரும் சொல்லவில்லை.

புரதப் பவுடரும் முட்டை வெள்ளைக்கருவும் கீரை சூப்புமாக இருந்த நாலாம் நாள், கிண்ணத்தில் நெய் மினுங்கும் பொங்கலோடு வந்து நின்றார் மாமியார். "கத்தி வைக்கப் போற உடம்பு, தெம்பா இருக்க வேண்டாமா?" என்றார். கண் கலங்கியிருந்தது. அவரிடம் நான் என்ன கோபித்துக்கொள்ள?

இந்த அறுவைச் சிகிச்சை செய்கிற ஒவ்வொரு மருத்துவமனையையும் கேட்டுக்கொள்கிறேன்: தேதி குறிப்பதற்கு முன்னால், அந்த வீட்டில் அடுப்படியைப் பார்க்கிறவரை வரவழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். இதில் ஸ்லீவ் என்ற முறையில் இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு ஒடுங்கிய குழாய். நம் வீடுகளில் அன்பு என்றாலே "இன்னும் ஒரு கரண்டி"தான். ஆறாத தையலுக்கு அந்த ஒரு கரண்டி ஆகாது. முதலில் நீராகாரம், அப்புறம் மசித்தது, அதற்கும் அப்புறம்தான் கெட்டி உணவு. மூன்றாம் மாதம் முடி கொட்டலாம். பெரும்பாலும் திரும்ப வளரும். வைட்டமின் மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. இவை முன்கூட்டியே தெரிந்தால் வீட்டார் பயப்படமாட்டார்கள், சாபமும் விடமாட்டார்கள்.

பொங்கலோடு வந்து நின்ற மறுநாள் மாமியாரையும் கும்பகோணத்திலிருந்து திருச்சியில் உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். இருமல் மருந்துக்குக் கொடுப்பார்களே, அந்த மாதிரிச் சின்ன பிளாஸ்டிக் கப்பில் உணவியல் நிபுணர் 30 மில்லி தண்ணீர் ஊற்றி மாமியார் கையில் கொடுத்தார். "ஆரம்பத்துல ஒரு தடவைக்கு இவ்வளவுதாம்மா. அதையும் கொஞ்சம் கொஞ்சமா." மாமியார் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம் குடுக்கணும்?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் கப் அவருடைய சுருக்குப்பையில் இருந்தது.