ஜீப்புக்கு யார் ஜாமீன்?

போன மாசம் மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்ததில் மாமனார் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் கரடியூர். ஏற்காடு தெரியும், கரடியூர் தெரியாது என்பவர்களுக்கு: சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டில் இறங்கி வயிற்றைச் சமாதானப்படுத்திவிட்டு, இன்னும் கொஞ்ச தூரம் போனால் வரும். காபிச் செடி, மிளகுக் கொடி, ஒரு வியூ பாயின்ட். கரடியை நான் இதுவரை பார்த்ததில்லை. மாமனாரைப் பார்த்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

"வாங்க மாப்பிள்ளை" என்று மாமியார் காபி கொடுத்த கையோடு, மச்சினன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சேலத்தில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறான்.

"மாமா, நாங்க நாலு பேர் காத்மாண்டு போறோம்."

"ரயிலா, ஃப்ளைட்டா?"

"நம்ம ஜீப்புல."

காபி புரையேறிவிட்டது. சேலத்திலிருந்து நேபாள எல்லைக்கே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் பயலைக் குறை சொல்ல முடியாது. நமக்குப் பக்கத்து வெளிநாடு இலங்கைதான். அதற்கு ரோடு கிடையாது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டபோதும் ஆட்களை ஏற்றினார்களே தவிர, ஜீப்பை ஏற்றவில்லை. வடக்கே அட்டாரி வாசலை 2025 ஏப்ரலில் மூடினார்கள். சொந்த வண்டியில் அதிகத் தொல்லையில்லாமல் எல்லை தாண்ட வேண்டுமென்றால் நேபாளம், பூட்டான்தான்.

"என்னடா தயார் பண்ணியிருக்கே?"

"மேலே கேரியர், ப்ளூடூத் ஸ்பீக்கர், நாலு பேருக்கும் ஒரே கலர்ல டி-ஷர்ட்..."

"பேப்பர்?"

"எல்லாம் போன்ல இருக்குங்க மாமா."

நான் பிழைப்புக்கு ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் பேனா பிடிக்கிறவன். 'பேப்பர் போனில் இருக்கிறது' என்று யார் சொன்னாலும் எனக்கு லேசாக மார் வலிக்கும். நம்ம ஊர் போலீசுக்கு டிஜிலாக்கர் சரி. எல்லைக்கு அந்தப் பக்கம் நேபாள சுங்க அதிகாரிக்கு நம் டிஜிலாக்கரோடு என்ன உறவு? ஒரிஜினல் ஆர்.சி., ஒரிஜினல் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். ஆளுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது.

"இன்டர்நேஷனல் லைசென்ஸ் வேணாமா மாமா?"

நேபாளத்துக்கு வேண்டாம், நம் லைசென்ஸே செல்லும். மற்ற பல நாடுகளுக்கு வேண்டும். 1949-ம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தப்படி நம் ஆர்.டி.ஓ. ஆபீசிலேயே கொடுக்கிறார்கள். ஒரு வருஷம்தான் செல்லும். அதையும் தாண்டிப் பல நாடுகளில் வண்டிக்கே ஒரு பாஸ்போர்ட் கேட்பார்கள். அதற்குக் 'கார்னே' என்று பெயர். மும்பையின் வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் மாதிரி சங்கங்கள் கொடுக்கும். சும்மா இல்லை, பெரிய தொகைக்கு ஜாமீன் கட்ட வேண்டும். நீங்கள் பாட்டுக்கு வண்டியை ஓட்டிப்போய், வரி கட்டாமல் அங்கேயே விற்றுவிட்டால்? அந்தச் சந்தேகத்துக்குத்தான் ஜாமீன்.

நேபாளத்தில் அந்தச் சந்தேகம் கொஞ்சம் மலிவு. சுனௌலியில் எல்லை தாண்டியதும் அவர்களுடைய சுங்கத்தில் எத்தனை நாள் என்று சொல்லி, நாள் கணக்கில் பணம் கட்டி, 'பன்சார்' சீட்டு வாங்க வேண்டும். நாலு நாள் என்று எழுதிவிட்டு ஐந்தாம் நாள் திரும்பினால் அபராதம். வழியில் கேட்டால் சீட்டைக் காட்ட வேண்டும். முக்கியமாக, உள்ளே போன வண்டி வெளியே வந்தாக வேண்டும். கிளட்ச் போய்விட்டது என்று அங்கேயே நிறுத்திவிட்டு பஸ் ஏறி வர முடியாது. அதனால் ஸ்பீக்கருக்கு முன்னால் ஃபேன் பெல்ட், கிளட்ச் கேபிள், நல்ல ஸ்டெப்னி.

"சரி, ஆர்.சி. யார் பேர்ல?"

"அப்பா பேர்ல."

"பேங்க் பேர் இன்னும் அதுல இருக்கா?"

"லோன் கட்டி ரெண்டு வருஷம் ஆச்சே!"

கட்டினால் தானாக அழியாது. வங்கியின் தடையில்லாக் கடிதத்தையும் கையெழுத்தான 35-ம் நம்பர் படிவத்தையும் ஆர்.டி.ஓ.விடம் கொடுத்து அடித்துக்கொண்டு வர வேண்டும். அதுவரை காகிதத்தில் ஜீப் பாதி வங்கியினுடையது. மீதி அப்பாவினுடையது. அவரிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். மச்சினனுக்கு மிஞ்சுவது டி-ஷர்ட்தான்.

கடைசியாக என் சொந்த சப்ஜெக்ட். பாலிசியைப் பிரித்துக் காட்டினேன். 'புவியியல் எல்லை: இந்தியா' என்று ஒரு வரி இருக்கும். 20 வருஷ சர்வீசில் அதைப் படித்த கஸ்டமர் ஒருவரை நான் சந்தித்ததில்லை. அர்த்தம் என்ன? சுனௌலி கேட்டைத் தாண்டிய வினாடியிலிருந்து வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. இதற்கு எண்டார்ஸ்மென்ட் ஒன்று இருக்கிறது. மோட்டார் டாரிஃபில் அதுதான் ஒன்றாம் நம்பர். நேபாளம், பூட்டான், பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு என்று ஆறு நாடு. 2002 டாரிஃபில் இதற்குக் கட்டணம் 500 ரூபாய்; மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் 100. இப்போது உங்கள் கம்பெனி என்ன கேட்டாலும் கொடுத்து, நாட்டின் பெயரோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"பத்து நாளைக்கு இதெல்லாம் எதுக்குங்க மாமா? நான் பார்த்து ஓட்டுவேன்."

இதுவரை ஈஸி சேரில் பேப்பருக்குப் பின்னால் இருந்த மாமனார், பேப்பரை மடித்தார்.

"நானும் பார்த்துத்தான் ஓட்டுவேன். வண்டியைக் கேட்டு வாங்கிட்டுப் போன என் சிநேகிதனும் அப்படித்தான் சொன்னான். குப்பனூர் ரோட்டுல ஒரு தோட்டக்காரன் மேல மோதிட்டான். அன்னைக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சு நாலு நாள் ஆகியிருந்துச்சு."

யாரும் பேசவில்லை. மாமியார் உள்ளே போய்விட்டார்.

"வண்டி என் பேர்ல. கீழ்த் தோட்டம் அரை ஏக்கரை வித்துக் கொடுத்தேன். பணம் போனதைச் சொல்லலை. அவன் இன்னைக்கும் பொங்கலுக்கு வர்றான், காலை இழுத்துக்கிட்டு. வந்து, 'நல்லாருக்கீங்களா சாமி'ன்னு என்னைக் கேக்கறான்."

எல்லாரும் வாங்கித் தின்று தீர்த்த அந்தத் தோட்டத்து ஆரஞ்சு, ஒரு வருஷத்தில் ஏன் நின்றுபோனது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அவனாவது நம்ம ஊர்க்காரன், என் வீடு தெரியும். அங்கே எவன் மேலயாவது ஏத்தினா, அவன் யாரைத் தேடி வருவான்? அந்தப் பேப்பரைக் கொண்டு வா. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

ஆபீசில் எத்தனையோ பேருக்கு மூன்றாம் நபர் காப்பீடு பற்றி விளக்கியிருக்கிறேன். அந்த மூன்றாம் நபருக்கு ஒரு கால் உண்டு என்பதை இவ்வளவு சுருக்கமாக நான் சொன்னதில்லை.

மூன்று வாரம் கழித்து ஜீப் கிளம்பியது. வங்கி பெயர் அடித்தாயிற்று, எண்டார்ஸ்மென்ட் வந்தாயிற்று. நாலு டயருக்கும் மாமியார் எலுமிச்சம்பழம் வைத்தார். மாமனார் டாஷ்போர்டில் ஃபைலை வைத்தார்.

பி.கு: மாமனார் இரவு போன் செய்தார். "மாப்பிள்ளை, அந்த எண்டார்ஸ்மென்ட்ல ஜீப் நம்பரைச் சரியா அடிச்சிருக்காங்களா, பாத்தீங்களா?" பார்த்தேன் என்றேன். இரண்டு தடவை பார்த்ததைச் சொல்லவில்லை.