நெஞ்சுவலி 'காத்து' அல்ல! தோட்ட மக்களே, விழித்துக்கொள்ளுங்கள்!

"நல்லாத்தான் இருந்தாரு. காலையில வேலைக்குப் போனாரு. விதி முடிஞ்சி போச்சி." கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா என்று வட சிலாங்கூர் முழுவதும் நம் இழவு வீடுகளில் கேட்கும் பேச்சு இது. இறந்தவருக்கு வயது ஐம்பதுகூட இருக்காது.

விதி என்று சொல்லிவிட்டால் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. நம்மையும் கேட்க வேண்டியதில்லை, நிர்வாகத்தையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலான மாரடைப்புகள் விதியால் வருவதில்லை. ரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், கொழுப்பு, சிகரெட் என்று பல ஆண்டுகள் சத்தமில்லாமல் வேலை செய்து வருகின்றன.

2004இல் வெளியான 'இண்டர்ஹார்ட்' ஆய்வு 52 நாடுகளில் நடத்தப்பட்டது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு ஏறத்தாழ 53 வயதில் வருகிறது. மற்றவர்களுக்கு அது 59ஐ ஒட்டி வருகிறது என்று அது காட்டியது. காரணம் நம் ரத்தத்தின் சாபம் அல்ல. எல்லாருக்கும் உள்ள அதே காரணங்கள்தாம் நம்மிடம் சீக்கிரமே வந்துவிடுகின்றன. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்!

"நான் நாள் முழுக்க செம்பனைக் குலை வெட்டுறேன், எனக்கு எப்படி இருதய நோய் வரும்?" என்று சிலர் கேட்கிறார்கள். உழைப்பு நல்லதுதான். ஆனால் டின்பால் கரைத்த தேநீர் நாளுக்கு நான்கு குவளை, கருவாட்டு உப்பு, சிகரெட், மாலையில் சம்சு ஆகியவை செய்யும் கேட்டை உழைப்பு மட்டும் அழித்துவிடாது. கொதிப்பு மாத்திரையை "இப்போ நல்லா இருக்கு" என்று நீங்களாக நிறுத்துவது மிகவும் ஆபத்து. நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம். இடது கை, தோள், தாடை, முதுகு வரை பரவும் வலி. குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி, தலைசுற்றல். பெண்களுக்கும் இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் மூச்சு வாங்கலும் அசதியுமாகவும் வரலாம். நடக்கும்போது வந்து, உட்கார்ந்தால் போகும் வலியும் எச்சரிக்கைதான்.

நாம் செய்வது என்ன? "காத்து பிடிச்சிருக்கு" என்று தைலம் தேய்க்கிறோம், சோடா குடிக்கக் கொடுக்கிறோம், விடியட்டும் என்று காத்திருக்கிறோம். ரத்தக் குழாய் அடைபட்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. உடனே 999க்கு அழையுங்கள். மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, தேவையானால் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுப்பார்கள். அது எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு பலன். நோயாளி தானே மோட்டார் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. மயங்கி விழுந்து மூச்சு நின்றுவிட்டால், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகமாக அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

இனி, வழக்கறிஞன் என்ற முறையில் சில சொற்கள். இது உரிமைப் பிரச்சினையும்கூட. 1941இல் ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முறையான மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கைகளும் அவர்கள் பட்டியலில் இருந்தன. நம் பாட்டன்மார் அன்றே உடல்நலத்தை உரிமையாகக் கேட்டார்கள். இன்று சட்டம் இருக்கிறது, நாம் கேட்பதில்லை.

1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம், வேலையிடத்தில் குடியிருக்கும் தொழிலாளர்களுக்கு வீட்டோடு சுகாதார, மருத்துவ வசதிகள் செய்வதையும் முதலாளியின் கடமையாக்கியது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உண்டு: இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவான சேவைக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள். மருத்துவர் சான்றிதழ் வாங்கி, 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று நெஞ்சுவலியோடு வேலைக்குப் போகாதீர்கள்.

சொக்சோ என்றால் வேலையிட விபத்துக்கு மட்டும் என்று நினைப்பது தவறு. 60 வயதுக்குள் இருதய நோயால் உழைக்கும் திறனை இழந்தவருக்கு, போதிய சந்தா கட்டப்பட்டிருந்தால், இயலாமை ஓய்வூதியம் உண்டு. அவர் இறந்தால் மனைவி மக்களுக்கு வாரிசு ஓய்வூதியம் உண்டு. வீட்டில் படுத்தபடி இறந்திருந்தாலும் பொருந்தும். தோட்டத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை செய்தவர் போனால் வீடும் கையை விட்டுப் போகலாம். அந்த நாளில் குடும்பத்தைத் தாங்கக்கூடிய பணம் இது. குத்தகையாளரிடம் வேலை செய்பவர்கள் தங்கள் பெயரில் சந்தா கட்டப்படுகிறதா என்று இன்றே சொக்சோ அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம், அரசாங்க ரொக்க உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும் இலவச உடல் பரிசோதனை தருகிறது. பயன்படுத்துங்கள். அரசாங்க கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

ஆகவே, இந்த மாதமே வீட்டில் 40 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் கொதிப்பு, இனிப்புநீர், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். கோயில் திருவிழாவுக்குப் பேருந்து பிடித்துப் போகும் நாம், பத்துப் பேராகச் சேர்ந்து வேன் பிடித்துக் கிளினிக்குக்கும் போகலாம். உரிமைக்காகக் குரல் கொடுக்க முதலில் நாம் உயிரோடு இருக்க வேண்டும்!