10,344 கண்ணாடிகள்!

அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரில் 60 மாடிக் கட்டிடம் ஒன்று எழுந்தது. ஜான் ஹான்காக் கோபுரம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நான்கு பக்கமும் கண்ணாடிதான். மொத்தம் 10,344 கண்ணாடிகள். ஒவ்வொன்றும் சுமார் 225 கிலோ எடை!

திறப்பு விழாவுக்கு முன்பே விபரீதம். 1973-ம் ஆண்டு ஜனவரியில் புயல் காற்று அடித்தது. கண்ணாடிகள் உடைந்து தெருவில் விழுந்தன. நல்ல வேளை, யாரும் சாகவில்லை.

அதன் பிறகு, காற்று பலமாக வீசினால் போலீசார் தெருவை அடைத்தார்கள். கண்ணாடி போன இடங்களில் ஒட்டுப்பலகை அடித்தார்கள். "பலகை மாளிகை" என்று ஊரார் கேலி செய்தார்கள்.

கண்ணாடியைப் பொருத்திய தொழிலாளியின் குற்றமா? இல்லை. அவை இரட்டைக் கண்ணாடிகள். அவற்றின் ஓரங்களை ஈயப் பற்று வைத்து இணைத்திருந்தார்கள். அந்தப் பிடி மிகவும் விறைப்பு. காற்றிலும் வெயிலிலும் கண்ணாடி இம்மி அசைய இடம் இல்லை. விரிசல் விட்டது.

அத்தனையையும் கழற்றி, பதப்படுத்திய ஒற்றைக் கண்ணாடி பொருத்தினார்கள். ஒரே ஜன்னலுக்கு இரண்டு தடவை வேலை! 1976-ல்தான் கட்டிடம் திறக்கப்பட்டது.

மாளிகையோ, சின்ன வீடோ, கட்டிய சுவரை இடிக்கும்போது ஏச்சு வாங்குகிறவர் கொத்தனார். படம் போட்டவர் தப்பி விடுகிறார். இது என்ன நியாயம்? இடிக்கும் கூலியைப் படம் போட்டவரின் கணக்கில் எழுத வேண்டும். அப்போது அவரே பென்சிலை மெதுவாக ஓட்டுவார்.