கைக்கெட்டும் பிளக் பாயின்ட்டுக்கு ஒரு தடுப்பு

திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

புதூர்நாட்டு மலைக்கிராமங்களில் அரசுப் பணத்தில் எழும்பும் ஒவ்வொரு வீட்டிலும் ஷட்டர் வைத்த பிளக் பாயின்ட்டுகளையே பொருத்த வேண்டும் என்று தாங்கள் உத்தரவிட வேண்டும். இதைக் கேட்கவே இந்த மடல்.

ஷட்டர் என்பது சாக்கெட்டின் துளைகளுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு. பிளக்கின் முனைகள் இரண்டும் ஒருசேர அழுத்தினாலோ, நீளமான எர்த் முனை முதலில் நுழைந்தாலோதான் அது விலகும். குழந்தை ஒற்றைத் துளையில் ஆணியையோ ஹேர்பின்னையோ குத்தினால் அசையாது. பிரிட்டனில் 1947-இல் வந்த பிளக் தரமே இந்தத் தடுப்போடுதான் வந்தது. அதை வகுத்த குழுவில் இருந்த கரோலின் ஹாஸ்லெட் குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்தினார். அமெரிக்க மின் விதித்தொகுப்பு புதிய வீடுகளுக்கு இதை 2008-இல் கட்டாயமாக்கியது. குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில், பிளக்கை உருவியதும் தானே மூடிக்கொள்ளும் சாக்கெட் வேண்டும் என்று நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் சொல்கிறது.

‘சுவிட்சை அணைத்துவைத்தால் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. தவழும் பிள்ளைக்கு எட்டும் சாக்கெட்டின் சுவிட்சும் பக்கத்திலேயேதான் இருக்கிறது. அதோடு, வயரிங் செய்தவர் சுவிட்சை பேஸில் கொடுக்காமல் நியூட்ரலில் கொடுத்திருந்தால், அணைத்த பிறகும் துளைக்குள் 230 வோல்ட் நிற்கும். வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

‘பெற்றவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டாமா?’ என்றும் கேட்கலாம். பிழைப்புக்காக வெளியூர் போகும் பெற்றோர் பிள்ளைகளைப் பாட்டி தாத்தாவிடம் விட்டுச்செல்லும் மலை இது. அந்த முதியவர்களுக்கு அடுப்பும் ஆடும் காட்டுவேலையும் இருக்கின்றன. அவர்களுடைய கண் அசரும் நொடியிலும் பிள்ளையைக் காக்கும் பொருள் கடையில் கிடைக்கும்போது, பழியை அவர்கள்மேல் போடுவது நியாயமில்லை. அடிபட்ட குழந்தையைத் திருப்பத்தூர் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க மலைப்பாதை முழுக்க இறங்கியாக வேண்டும் என்பதும் தாங்கள் அறிந்ததே.

ஷட்டர் மட்டும் போதாது. மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் 6 ஆம்பியர் எம்.சி.பி. வயரையும் வீட்டையும் தீயிலிருந்து காக்கும், மனிதரைக் காக்காது. உயிரைப் பறிக்க அந்த மின்னோட்டத்தில் நூறில் ஒரு பங்கே போதும். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி.யும், முறையான எர்த்தும் கூடவே வேண்டும். ஷட்டரால் செலவு அதிகம் ஏறாது. ஆர்.சி.டி.க்குக் கொஞ்சம் கூடும். அந்தச் சுமையைப் பயனாளியின் தலையில் ஏற்றாமல் அரசே ஏற்க வேண்டும். இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள். இந்தச் செலவை அந்தக் கணக்கோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வழி தங்கள் கையிலேயே இருக்கிறது. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. அந்தப் பணம் கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கப்படுகிறது. கடைசித் தவணைக்கு முன் அளவெடுக்க வரும் பொறியாளர், சுவரையும் கூரையையும் பார்ப்பதோடு நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதட்டும்: சாக்கெட்டில் ஷட்டர் இருக்கிறதா? சுவிட்ச் பேஸில்தான் இருக்கிறதா? ஆர்.சி.டி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் இணைப்பு துண்டிக்கப்படுகிறதா? எர்த் இருக்கிறதா?

ஏற்கெனவே கட்டி முடித்த கட்டடங்களையும் விட்டுவிடக் கூடாது. அங்கன்வாடிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் சாக்கெட்டுகளை முதலில் மாற்றுங்கள். அடுத்துத் தொகுப்பு வீடுகளுக்கு வாருங்கள். சார்ஜரைச் செருகுவதற்காக எர்த் துளையில் பேனாவைக் குத்தி ஷட்டரைத் திறக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அந்த வேலையைப் பார்க்கும் பிள்ளை நாளை தானும் செய்து பார்க்கும் என்பதை வயர்மேன்கள் வீட்டாருக்குச் சொல்லிவிட்டு வரட்டும்.

கான்கிரீட் கூரை கொடுத்த அரசு, அதன்கீழ் தவழும் பிள்ளைக்கு இந்தச் சிறு தடுப்பையும் கொடுக்கக் கடமைப்பட்டது. இந்த ஆண்டு வீடுகளின் கடைசித் தவணை போவதற்குள் உத்தரவு வரும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாவட்டத்துக் குடிமகன் ஒருவன்