மீற்றர் பூட்டாமல் சாரதியைக் குற்றம் சொல்லாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கெப் வைத்திருப்பவர்களும் கெப் ஓட்டிக் குடும்பம் பார்ப்பவர்களும் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

போன கிழமையும் ஒரு கதை காதில் விழுந்தது. லோட் ஏற்றிப் போன கெப் ஒன்று இடைவழியில் நின்றுவிட்டது. ஹெட் வெடிப்பு. செலவைச் சாரதியின் சம்பளத்தில் கழிக்கப் போகிறாராம் முதலாளி. தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு: "அவனுக்கு ஓடத் தெரியாது. தண்ணி பார்க்காம ஓடியிருப்பான்."

இதே தீர்ப்பை ஒரு காலத்தில் நாங்களும் கொடுத்தவர்கள்தான். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய டீசல் கெப் இருக்கிறது. 4டி56 எஞ்சின். அரிசி மூட்டை ஏற்றிக் கொண்டு மஹியங்கனை தாண்டி, பதினெட்டு வளைவில் ஏறி, கண்டிக்குப் போய் வரும். ஓட்டியவர் எங்களை விட மூத்தவர், காக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் ஏற்றத்தில் வண்டி இழுவை விட்டு, வெள்ளைப் புகை தள்ளி நின்றுவிட்டது. போனில் அவர் சொன்னது இன்னும் ஞாபகம்: "மீற்றர் நடுவுலதான் நிண்டது தம்பி. பிறகு கீழ இறங்கிச்சு. மலைக் குளிருதானே, எஞ்சின் குளிருது எண்டு நினைச்சன்."

நாங்கள் நம்பவில்லை. சூடு ஏறி ஹெட் வெடித்த வண்டியில் முள் எப்படிக் கீழே இறங்கும்? பொய் சொல்கிறார் என்றே முடிவு கட்டினோம். அவரும் ஒன்றும் பேசாமல் சாவியைத் தந்துவிட்டுப் போய்விட்டார்.

கராஜில் எஞ்சினைக் கழற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. பின்பக்கத்தில் ஒரு சின்ன ஹோஸ் கீழ்ப்பக்கமாகக் கிழிந்திருந்தது. தண்ணீர் முழுக்க ஒழுகிப் போயிருக்கிறது. மீற்றரின் சென்சர் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும். தண்ணீர் இறங்கி, அது வெறும் காற்றிலும் ஆவியிலும் நின்றால் குறைவாகத்தான் காட்டும். காக்கா சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய் சொன்னது டாஷ்போர்ட்.

அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். சிரித்துக் கொண்டே தேத்தண்ணி தந்தார். ஆனால் எங்கள் கெப்பில் அவர் திரும்ப ஏறவே இல்லை.

இப்போது சொல்லுங்கள், அந்த ஹெட் வெடித்தது யாருடைய பிழை?

டாஷ்போர்டில் உள்ள சூட்டு மீற்றரைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு விஷயம் தெரியாது. பல வாகனங்களில் அந்த முள் வேண்டுமென்றே நடுவில் நிற்க வைக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 75 பாகை செல்சியஸிலிருந்து 105 வரைக்கும் அது அசையாது. முள் அசைவதைப் பார்த்து வாங்கியவர் பயந்து ஓடி வரக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. முள் சிவப்புக்குப் போகும் நேரம் அனேகமாகக் காரியம் முடிந்திருக்கும்.

ஒயில் லைட்டும் அப்படித்தான். பொதுவாக ஒயில் அழுத்தம் 4 முதல் 7 பி.எஸ்.ஐ. அளவுக்கு விழுந்த பிறகுதான் அது எரியும். ஓடும் எஞ்சினுக்கு 1000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. வேண்டும் என்பது மெக்கானிக்மாரின் பழைய கணக்கு. அப்படியென்றால் 3000 சுற்றில் 30 இருக்க வேண்டிய இடத்தில் 10தான் இருந்தாலும் லைட் எரியாது!

நாங்கள் படிப்பிக்கிறவர்கள், எங்கள் பாஷையில் சொல்கிறோம். எச்சரிக்கை லைட் என்பது ஓ.எல். பெறுபேறு மாதிரி. வரும்போது எல்லாம் முடிந்துவிடும். மீற்றர் என்பது தவணைக்குத் தவணை போடும் கணிப்பீடு. பிள்ளை எங்கே சறுக்குகிறது என்று முன்னமே தெரியும், பிடித்து நிறுத்தலாம். கணிப்பீடே செய்யாமல் கடைசியில் பிள்ளைக்கு அடிக்கிற ஆசிரியரை நீங்கள் என்ன சொல்வீர்கள்?

"கம்பெனிக்காரன் வைக்காததை நாம ஏன் வைக்கணும்?" என்று கேட்கிறார்கள். கம்பெனிக்காரன் ஆறு ஹோர்னும் வைக்கவில்லை. கலர் கலராக எல்.ஈ.டி.யும் வைக்கவில்லை. கண்ணாடி முழுக்க ஸ்டிக்கரும் ஒட்டித் தரவில்லை. அதற்கெல்லாம் நம்மிடம் காசு இருந்தது.

"வாப்பா காலத்துல மீற்றரோடயா ஓடினாங்க?" இதுவும் ஒரு கேள்வி. வாப்பா காலத்தில் அந்தக் கெப் புதிது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு எத்தனை வருடம் இருந்த வண்டியையே தைத்துத் தைத்து ஓட்டினோம்? இன்றும் புதிய கெப் வாங்குவது நம்மில் எத்தனை பேருக்கு முடியும்? கிழட்டு எஞ்சினுக்குத்தான் நாடி பிடித்துப் பார்ப்பது அவசியம்.

சரி, எதைப் பூட்டுவது? முதலாவது, ஹெட்டின் உலோகச் சூட்டையே அளக்கும் வளைய சென்சர், பஸ்ஸரோடு. தண்ணீர் இல்லாவிட்டாலும் இது உண்மை சொல்லும். தேமஸ்டட் ஹவுசிங் போல ஹெட்டோடு ஒட்டியிருக்கும் ஒரு சின்ன போல்ட்டில் பூட்டலாம். ஹெட்டை இறுக்கும் பெரிய போல்ட்டில் மட்டும் கை வைக்க வேண்டாம். இரண்டாவது, ஒயில் அழுத்த மீற்றர். மூன்றாவது, டர்போ உள்ள வண்டி லோடோடு மலை ஏறுவதென்றால் புகைச் சூட்டு மீற்றர். டர்போவுக்கு முன்னால் ஏறத்தாழ 700 பாகையைத் தாண்டி நெடுநேரம் ஓடவிடக் கூடாது. பிஸ்டன் அலுமினியம், சுத்தமான அலுமினியமே 660 பாகையில் உருகும். முள் ஏறினால் கியரைக் குறைத்து, அக்ஸிலரேட்டரில் இருந்து காலைத் தளர்த்தினால் போதும், இறங்கிவிடும்.

ஓ.பி.டி. சொக்கட் உள்ள புதிய கெப் என்றால் ஒரு சின்ன ரீடரைச் செருகி, தண்ணீர்ச் சூட்டை போனிலேயே பாகைக் கணக்கில் பார்க்கலாம். வொரண்டி இருந்தால் எதையும் வெட்டுவதற்கு முன் ஏஜன்டிடம் கேளுங்கள்.

ஆனால் பூட்டுவதையும் ஒழுங்காகப் பூட்டுங்கள். அரைகுறை வேலை மீற்றர் இல்லாததை விட மோசம். எங்கள் கெப்பில் பட்டுப் படித்தவை:

- ஜப்பான் எஞ்சினில் ஒயில் சுவிட்சின் மரை பெரும்பாலும் பி.எஸ்.பி.டி., அங்குலத்துக்கு 28. அமெரிக்க மீற்றரின் சென்சர் என்.பி.டி., 27. கையால் இரண்டு சுற்றுப் போகும், பிறகு இறுகும். ஸ்பனர் போட்டு அடித்தால் புளொக்கின் மரை போய்விடும். சரியான அடப்டர் வாங்குங்கள்.
- ஒற்றை வயர் சென்சருக்கு உடம்புதான் ஏர்த். டெஃப்லோன் டேப்பைச் சுற்றித் தள்ளினால் மீற்றர் கண்டபடி காட்டும்.
- ஒயில் குழாயைக் கேபினுக்குள் கொண்டு வரும் மீற்றர் வேண்டாம். அது வெடித்தால் கொதிக்கும் ஒயில் சாரதியின் காலில்.
- புகைச் சூட்டுக்கு மேனிஃபோல்டில் துளை போடுவதென்றால் கழற்றி வைத்துத் துளையுங்கள். ஒரு இரும்புத் தூள் போதும், டர்போவின் இறக்கையைத் தின்ன.
- வயர் இரும்புச் சுவரைத் தாண்டும் இடத்தில் றப்பர் வளையம் கட்டாயம். பியூஸ் இல்லாமல் நேரே பற்றரியில் கொழுவினால் வண்டி தீப்பிடிக்கும்.

மீற்றர் இருந்தால் எஞ்சின் கெடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி, தேமஸ்டட்டைக் கழற்றி எறிந்து, ஒயில் மாற்றாமல் ஓடினால் தங்கத்தில் மீற்றர் பூட்டினாலும் பிரயோசனம் இல்லை. நாங்கள் சொல்வது ஒன்றுதான். ஓட்டுகிறவரின் கண்ணைக் கட்டிவிட்டு, விழுந்ததற்கு அவரிடமே காசு கேட்பது அநியாயம்.

சம்பளத்தில் கழிக்க முன் முதலாளிமார் தங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த ஏற்றத்தில் எஞ்சின் எரிவதை அவருக்குச் சொல்ல எங்கள் வண்டியில் ஏதாவது இருந்ததா? இல்லை என்றால், அந்த பில் உங்களுடையது.

சாரதி சகோதரர்களே, லோட் ஏற்ற முன் நீங்களும் வாய் திறந்து கேளுங்கள். கேட்பது வெட்கம் இல்லை.

எங்கள் கெப்பில் இப்போது மூன்று மீற்றரும் இருக்கின்றன. பார்க்க வேண்டுமென்றால் பின்னேரம் வீட்டுப் பக்கம் வாருங்கள். எழுதியதில் பிழை இருந்தால், கராஜ் அனுபவம் உள்ளவர்கள் கீழே திருத்துங்கள். இன்ஷா அல்லாஹ் எல்லோருக்கும் பிரயோசனப்படும்.