தண்ணீரைப் பார்த்து மீன் வாங்குங்க!

சாயல்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகன், உண்டியல் காசில் ஒரு ஜோடி ‘ப்ளூ ராம்’ மீன் வாங்கி வந்திருக்கிறான். வீட்டு போர் தண்ணீர் உப்பு. அதனால் குடிப்பதற்கு வாங்கும் கேன் தண்ணீரையே தொட்டியில் ஊற்றியிருக்கிறான். அப்பத்தாவுக்கு வந்ததே கோபம்! ‘‘நாம குடிக்கவே காசு குடுத்து வாங்குறோம். நீ மீனுக்கு ஊத்துறியாடா?’’ பயந்துபோய் தண்ணீரை இறைத்துவிட்டு போர் தண்ணீரை நிரப்பினான். மூன்றாம் நாள் இரண்டும் மிதந்தன. ‘சாப்பிடாம அழுறான் சார். உப்புத் தண்ணி ஊர்ல மீன் வளர்க்கவே முடியாதா?’ என்று கேட்டிருந்தார்.

தாராளமாக வளர்க்கலாம். மகன் மேலும் தப்பில்லை, அப்பத்தா மேலும் தப்பில்லை. அந்தத் தண்ணீருக்கு அந்த மீன் பொருந்தாது, அவ்வளவுதான்.

ராம் மீனின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றுப் படுகை. அங்கே தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகக் குறைவு. அதைத் திடீரென்று நம் கடற்கரை ஊர் போர் தண்ணீருக்கு மாற்றினால் தாங்காது. அபிஸ்டோகிராமா வகை மீன்களும் பெரும்பாலும் அப்படித்தான். இவற்றையெல்லாம் ‘குட்டி சிக்லிட்’ என்பார்கள். விரல் நீளத்துக்குள் அடங்கும், ஜோடி சேரும், குஞ்சுகளைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும்.

அதே குணமுள்ள குட்டி சிக்லிட் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. பெயர் ஆரஞ்சு குரோமைட். கேரளத்தில் ‘பள்ளத்தி’ என்பார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆறு கடலில் கலக்கும் இடங்களில், உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் வாழ்கிறது. 1795-லேயே ப்ளோக் என்ற ஜெர்மன் அறிஞர் இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார். சுமார் 8 சென்டிமீட்டர்தான் வளரும். கேரளத்தின் மாநில மீனான கரிமீனுக்கு இது நெருங்கிய சொந்தம்.

எப்படி அடையாளம் காண்பது?

கண்மாயில் பிடித்த ஜிலேபிக் குஞ்சைக் காட்டி ‘இதுவா சார்?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஜிலேபியும் சிக்லிட்தான். ஆனால் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் இருந்த மத்திய மீன் ஆராய்ச்சி நிலையத்தில் அப்போதே அதை ஆராய்ந்தார்கள். முட்டையை வாயில் வைத்துக் காக்கும் மீன் அது.

இரண்டையும் பிரித்தறிய மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, உடம்பு. ஜிலேபி நீளவாக்கில் இருக்கும். குரோமைட், காசு மாதிரி வட்டமாக, தட்டையாக இருக்கும். இரண்டு, கரும்புள்ளி. ஜிலேபிக் குஞ்சுக்கு முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் இருக்கும். குரோமைட்டுக்கு விலாவின் நடுவில் இருக்கும். மூன்று, வயிற்றுக்குப் பின்னால் உள்ள அடித்துடுப்பின் முட்கள். ஜிலேபிக்கு 3தான். குரோமைட்டுக்கு 12-க்குக் குறையாது.

ஆண் பெண் பிரிப்பதுதான் கஷ்டம். கடைக்காரர் ‘இது ஜோடி’ என்றாலும் முழுசாக நம்பாதீர்கள். சின்ன மீனாக ஆறு வாங்குங்கள். வளரும்போது அவையே ஜோடி சேரும். எப்போதும் ஒட்டித் திரிந்து, மற்றவற்றைச் சேர்ந்தே விரட்டும் இரண்டுதான் ஜோடி. அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

தொட்டியும் குஞ்சும்

இரண்டரை அடி நீளத் தொட்டி போதும். அடியில் மணல், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், இரண்டு கூரை ஓட்டுத் துண்டுகள், ஒரு மண் பூந்தொட்டி. தண்ணீர் உங்கள் போர் தண்ணீரேதான். டி.டி.எஸ். மீட்டர் 1,500, 2,000 என்று காட்டினாலும் இந்த மீன் பயப்படாது. கடைத் தண்ணீரிலிருந்து மாற்றும்போது மட்டும், ஒரு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். புதுத் தொட்டியில் மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா உருவாக மூன்று, நான்கு வாரம் ஆகும். அதற்குள் ஆறு மீனையும் மொத்தமாக விடாதீர்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். எடுத்த தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றலாம்.

ஓட்டில் சுமார் 200 முட்டைகள் இடும். ஒவ்வொரு முட்டையும் சின்னக் காம்பில் ஒட்டியிருக்கும். அம்மாவும் அப்பாவும் மாறி மாறித் துடுப்பால் விசிறும். ஏறக்குறைய ஐந்து நாளில் பொரியும். குஞ்சுகளை வாயில் கவ்வி, மணலில் தோண்டிய குழிக்கு மாற்றும். இன்னும் ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அப்போது பொரித்த ஆர்ட்டீமியா கொடுங்கள். முதல் முறை முட்டையைப் பெற்றோரே தின்றுவிடலாம். பதறாதீர்கள், பழகிக்கொள்ளும். இரவில் தொட்டியருகே சின்ன விளக்கு எரியட்டும்.

அடுத்து நடப்பதைத் தவறவிடாதீர்கள். குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் உரசி உரசி, தோலில் ஊறும் வழவழப்பைக் கொறிக்கும். கிட்டத்தட்ட பால் குடிப்பது போலத்தான்! இந்த இனம் கரிமீனின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்வதையும் 1972-லேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு கண்டிப்பு: குஞ்சு அதிகமாகிவிட்டதென்று கண்மாயில் விடாதீர்கள். நண்பர்களுக்குக் கொடுங்கள். நம் ஊர் மீன்தான் என்றாலும், தொட்டியில் வந்த நோய் அதோடு சேர்ந்து கண்மாய்க்குப் போகும்.

இதையெல்லாம் அந்த வாசகிக்கு எழுதிப் போட்டேன். போன வாரம் போட்டோ வந்தது. முதல் முட்டைகள் போய்விட்டன. இரண்டாவது முறை முப்பது, நாற்பது குஞ்சுகள் தேறியிருக்கின்றன. கூடவே ஒரு வரி: ‘அத்தை இப்ப தொட்டி முன்னாடி உக்காந்துதான் வெத்தல போடுறாங்க. குடிதண்ணி ஒரு சொட்டுகூட செலவில்ல சார்.’

நீங்களும் மீன் வாங்கப் போகும் முன், வீட்டுத் தண்ணீர் எப்படி என்று பார்த்துவிட்டுப் போங்கள். மீன் பிழைக்குமா என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும்.