பேரை வெட்டாதீங்கப்பா!

ரெண்டு நாளா மண்டை காய்ஞ்சு போய் எழுதறேன். சூடு கொஞ்சம் தூக்கலா இருந்தா பொறுத்துக்கோங்க.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல தறி வச்சிருக்கற எங்க சித்தப்பா பேரு அவரோட சங்கத்துப் பட்டியல்ல காணோம். முப்பது வருஷ உறுப்பினர். பழைய டெக்ஸ்ட் கோப்பைப் புதுக் கணினிக்கு மாத்தினாங்களாம். மாத்தின தம்பி கெட்டிக்காரன், ஆக் தெரியும். முதல் ஃபீல்டு உறுப்பினர் எண், ரெண்டாவது பேரு, மூணாவது அப்பா பேரு. ஒரே வரி நிரல், வேலை முடிஞ்சுது.

எங்கே முடிஞ்சுது? நம்ம ஆளுங்க பேரு "கா. மு. ஏகாம்பரம்"னு இருக்கும். ஆக்கை அதன் போக்குல விட்டா இடைவெளி வந்தாலும் வெட்டும், டேப் வந்தாலும் வெட்டும். பேரு "கா." ஆச்சு, அப்பா பேரு "மு." ஆச்சு. கா-ன்னா காஞ்சிபுரம், ஊர்ல பாதிப் பேருக்கு அதான் இனிஷியல்! அப்புறம் தம்பி, பேரும் அப்பா பேரும் ஒண்ணா இருந்தா ரெட்டைப் பதிவுன்னு கழிச்சுட்டான். சித்தப்பா போயிட்டார்.

கொடுமை என்னன்னா, பழைய கணக்குப்பிள்ளை ஒழுங்கா டேப் போட்டுத்தான் வச்சிருந்தார். டேப்தான் எல்லைன்னு ஆக்குக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொல்லலைன்னா அடுத்தடுத்து வர்ற ரெண்டு டேப்பும் ஒண்ணாயிடும். தொலைபேசி இல்லாதவருக்கு வங்கிக் கணக்கு எண் தொலைபேசிக் கட்டத்துல வந்து உக்காரும்.

ஆக் மேல எனக்குக் கோபமில்லை. 1977ல பெல் ஆய்வகத்துல ஆஹோ, வெயின்பெர்கர், கெர்னிகன் மூணு பேரும் எழுதினது. அவங்க குடும்பப் பேரோட முதல் எழுத்துதான் நிரலோட பேரே. இனிஷியல்ல பேரு வச்சுக்கிட்டு நம்ம இனிஷியலை அறுக்குது பாருங்க :-)

"கமா போடலாமே"ன்னு வருவீங்க. முகவரியில கதவு எண்ணுக்கு அப்புறம் கமா இருக்கே, அதை என்ன பண்ணுவீங்க? "இத்தனை எழுத்துன்னு அளந்து வெட்டலாமே"ன்னா, "காஞ்சி" நமக்கு 3 எழுத்து, யூனிகோடுக்கு 6 குறி, யூடிஎஃப்-8ல 18 பைட். எதை அளப்பீங்க?

கோர்வை போடற நெசவாளியைப் போய்ப் பாருங்க. உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ரெண்டு நாடா. கரை எங்கே ஆரம்பிக்குதுன்னு தெரியாம ஒரு இழை ஓட்ட மாட்டார். நாம மட்டும் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காம நிரலை ஓட்டறோம்!

நேத்து ராத்திரி டேப்பை எல்லையாச் சொல்லித் திரும்ப ஓட்டினேன். முதல்ல ஒவ்வொரு வரியிலயும் எத்தனை ஃபீல்டுன்னு மட்டும் எண்ணச் சொன்னேன். எண்ணிக்கை இடிச்ச வரியைக் கண்ணால பார்த்துத் திருத்தினேன். சித்தப்பா திரும்ப வந்துட்டார். போன் போட்டு விவரம் சொன்னா, "அது கிடக்கட்டும், என் இடத்துல இருந்தானே இன்னொரு கா. மு., அவன் யாருடா?"ங்கறார்.